எத்தனை வருட அனுபவம்?

நேயர்களுக்கு வணக்கம்.

2007-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத் தொலைக்காட்சியில் ஒரு தேர்தல் விளம்பரம் வந்தது. ஒரு வேலைக்கான நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி சலிப்போடு விண்ணப்பத்தைப் புரட்டுகிறார். பதினான்கு ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினர். ஐ.நா. சபையில் அமெரிக்கத் தூதர். எரிசக்தி அமைச்சர். இப்போது நியூ மெக்சிகோ மாநில ஆளுநர். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சரைப் போல.) எல்லாவற்றையும் படித்து முடித்த அதிகாரி நிமிர்ந்து பார்த்து, “சரி, நீங்கள் ஜனாதிபதியாக முடியும் என்று எதை வைத்து நினைக்கிறீர்கள்?” என்கிறார்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் பில் ரிச்சர்ட்சன். நிஜமாகவே அத்தனை பதவியும் வகித்தவர், நிஜமாகவே வேட்பாளர். பார்த்தவர்கள் சிரித்தார்கள், பலருக்கும் பிடித்துப்போன விளம்பரம் அது. அயோவாவில் அவருக்குக் கடைசியில் கிடைத்தது 2 சதவீதம் சொச்சம்.

அரசியல் பாடம் நடத்திய காலத்திலிருந்தே இந்த விஷயத்தில் எனக்கு ஓர் ஈர்ப்பு உண்டு. ஒருவருடைய அனுபவத்தை வாக்காளர் எப்படி எடைபோடுகிறார்? அதற்கு அமெரிக்கப் பிரைமரி தேர்தலைவிட (ஒரு கட்சிக்கு யார் வேட்பாளர் என்று மக்களே வாக்களித்து முடிவு செய்யும் தேர்தல் அது) நல்ல களம் கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஊரில் வேட்பாளர் பட்டியல் கட்சித் தலைமையகத்திலிருந்து வரும். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான். 1968-இல் அப்போதைய துணை ஜனாதிபதி ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூட நிற்காமலே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். அவரைத் தேர்ந்தெடுத்த சிகாகோ கட்சி மாநாட்டில் உள்ளே கூச்சல், வெளியே தடியடி. அதற்குப் பிறகுதான் விதிகளை மாற்றினார்கள். 1972 முதல், யார் வேட்பாளர் என்பதை மாநிலம் மாநிலமாக மக்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, மேடையில் நிற்கும் அத்தனை பேரும் ஒரே கட்சி. வரி, மருத்துவக் காப்பீடு எதை எடுத்தாலும் அவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். சின்னத்தைப் பார்த்துக் குத்திவிட்டு வர முடியாது. ஆளைத்தான் பார்க்க வேண்டும். ஆளைப் பார்ப்பது என்று வந்துவிட்டால் முதலில் வருகிற கேள்வி: இவருக்கு என்ன அனுபவம்?

2008-ஐ எடுத்துக்கொள்வோம். ஜனநாயகக் கட்சியில் ஜோ பைடன் இருந்தார், 1973 முதல் செனட்டர். கிறிஸ் டாட் இருந்தார், கீழவையும் மேலவையுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல். அப்புறம் நம் ரிச்சர்ட்சன். இவர்களுக்கெல்லாம் முன்னே ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஹிலாரி கிளிண்டன், பராக் ஒபாமா, ஜான் எட்வர்ட்ஸ்.

ஹிலாரி ‘எனக்கு 35 ஆண்டு அனுபவம்’ என்று ஊர் ஊராகச் சொன்னார். ஒபாமா செனட்டுக்கு வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பத்திரிகைகளும் அனுபவத்துக்கும் மாற்றத்துக்கும் இடையிலான போட்டி என்றே எழுதின. ஆனால் மக்கள் வாக்குப் போட்டு அமர்த்திய பதவிகளை மட்டும் கூட்டிப் பாருங்கள். ஹிலாரி 2001-இல் செனட்டர் ஆனவர், ஏழு ஆண்டுகள். ஒபாமா 1997-இலேயே இலினாய் மாநில மேலவைக்கு வந்தவர், மொத்தம் பதினோரு ஆண்டுகள். கணக்கு தலைகீழாகிவிட்டது!

அப்படியானால் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியின் மனைவியாக இருந்த எட்டு ஆண்டுகளைச் சேர்ப்பதா, வேண்டாமா? சேர்த்தால், 1994-இல் தோற்றுப்போன மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அனுபவமா, தோல்வியா? ஒபாமா சிகாகோவின் ஏழைக் குடியிருப்புகளில் மக்களைத் திரட்டிய வேலை எந்தக் கணக்கு? வாக்காளர்கள் இதையெல்லாம்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அனுபவத்துக்குத் தராசு ஒன்று இல்லை, ஆளுக்கொரு தராசு.

சரி, அயோவாவுக்குப் போவோம். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அன்று அயோவாவில் ஜனநாயகக் கட்சி நடத்தியது பெட்டியில் சீட்டுப் போடுகிற தேர்தல் அல்ல. காக்கஸ் என்று பெயர். ஜனவரி 3, 2008, நல்ல குளிர்கால இரவு. மாநிலம் முழுக்கப் பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் நூலகங்களிலும் மக்கள் கூடுகிறார்கள். 2004-இல் வந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குக் கூட்டம், 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். கதவைச் சாத்துகிறார்கள். ஒபாமா ஆட்கள் இந்த மூலைக்கு, ஹிலாரி ஆட்கள் அந்த மூலைக்கு என்று பிரிந்து நிற்க வேண்டும். கை தூக்குவதுகூட இல்லை, காலால் போடுகிற ஓட்டு. பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார், பிள்ளையின் வாத்தியார் பார்ப்பார், கடன் கொடுத்தவரும் பார்ப்பார். அதனாலேயே இது சரியில்லை என்று சொல்பவர்கள் உண்டு. இரவு வேலைக்குப் போகிற செவிலியர் எப்படி வருவார், கைக்குழந்தைக்காரி என்ன செய்வாள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குள் போனால் திரும்பி வர மாட்டேன், விட்டுவிடுகிறேன்.

பெரும்பாலான இடங்களில் அன்றைய விதி இதுதான்: கூட்டத்தில் 15 சதவீதம் பேராவது ஒரு மூலையில் நிற்க வேண்டும். நூறு பேர் வந்திருந்தால் பதினைந்து பேர். பைடன் மூலையில் ஒன்பது பேர்தான் நிற்கிறார்கள் என்று வையுங்கள். அந்த மூலை கலையும். ஒன்பது பேரும் வேறு இடத்துக்குப் போகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். உடனே மற்ற மூலைகளிலிருந்து ஆள் வருவார்கள். “எங்கள் பக்கம் வாருங்கள், உங்களுக்கு எது முக்கியம்?” என்று பேச்சு தொடங்கும். நெடுநாள் பழக்கத்தைச் சொல்லி அழைப்பவரும் உண்டு.

இப்போதுதான் வானொலியைத் திருப்பியவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பி வந்தவர், அரை மணி நேரத்தில் வேறொரு மூலையில் நிற்க வேண்டிய நிலைமை. அவர் எங்கே போவார்? அடுத்த அனுபவசாலி என்று ஹிலாரியிடம்தான் போயிருப்பார் என்று நினைப்போம். கட்டாயம் இல்லை. அயோவாக்காரர்கள் வேட்பாளர்களை டீக்கடை தூரத்தில் பார்த்தவர்கள். அங்கே ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. இன்னாரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால், “இன்னும் முடிவு செய்யவில்லை, இரண்டு தடவைதானே சந்தித்திருக்கிறேன்” என்பார்களாம். அப்படிப்பட்டவர், ஆண்டுகளை எண்ணுவதோடு நிறுத்த மாட்டார். தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தன் கேள்விக்கு வேட்பாளர் எப்படிப் பதில் சொன்னார் என்பதையும் நினைத்துப் பார்ப்பார்.

அன்று உள்ளே நுழைந்தவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், வேட்பாளரிடம் எது முக்கியம் என்று கேட்டார்கள். பாதிக்கும் மேல் ‘மாற்றம்’ என்றார்கள். ‘அனுபவம்’ என்றவர்கள் ஐந்தில் ஒருவர். ஒபாமா ஏறக்குறைய 38 சதவீதத்தோடு முதலிடம். எட்வர்ட்ஸும் ஹிலாரியும் ஆளுக்கு முப்பதுக்குக் கொஞ்சம் கீழே. பைடனுக்கு 1 சதவீதம்கூட இல்லை, டாடுக்கு அதிலும் கீழே. இரண்டு பேரும் அன்றிரவே விலகிக்கொண்டார்கள். ஆனால் அந்த எண்கள் மூலைகள் கலைந்த பிறகு வந்தவை. முதலில் பைடன் மூலையில் எத்தனை பேர் போய் நின்றார்கள் என்ற கணக்கைக் கட்சி அன்று வெளியிடவே இல்லை.

ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் ஹிலாரி ஜெயித்தார். ஆக, அனுபவம் செத்துப்போன சரக்கு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடவும் முடியாது. மார்ச் மாதம் ஓஹையோ, டெக்சாஸ் தேர்தல்களுக்குச் சில நாள் முன்பு ஹிலாரி தரப்பு ஒரு விளம்பரம் விட்டது. அதிகாலை மூன்று மணி, குழந்தைகள் தூங்குகிறார்கள், வெள்ளை மாளிகையில் போன் அடிக்கிறது. யார் எடுக்க வேண்டும்? இந்த விளம்பரத்தைத் தயாரித்தவர் ராய் ஸ்பென்ஸ். இதே மனிதர் 1984-இல் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் வால்டர் மாண்டேலுக்காக, கேரி ஹார்ட்டை எதிர்த்து, சிவப்புத் தொலைபேசி ஒன்றைக் காட்டி விளம்பரம் எடுத்தவர். இருபத்து நான்கு ஆண்டு கழித்தும் அதே போன்! இதில் ஒரு வேடிக்கை: தூங்குவதாகக் காட்டிய ஒரு சிறுமி, எப்போதோ எடுத்து வைத்திருந்த பழைய படத்திலிருந்து வந்தவள். விளம்பரம் வந்தபோது அவளுக்குப் பதினேழு வயது, ஒபாமா ஆதரவாளர்.

ஒபாமா தரப்பு அன்றைக்கே பதில் விளம்பரம் விட்டது. எனக்கு அனுபவம் உண்டு என்று அவர்கள் வாதாடவில்லை. இராக் போர் என்ற போன் 2002-இல் அடித்தபோது யார் சரியாகப் பதில் சொன்னது என்று கேட்டார்கள். அந்த அக்டோபரில் செனட்டில் ஹிலாரி, எட்வர்ட்ஸ், பைடன், டாட் நால்வருமே போருக்கு அனுமதி தரும் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்திருந்தார்கள். அதே மாதம் சிகாகோவில் ஒரு கூட்டத்தில் ஒபாமா அந்தப் போரை எதிர்த்துப் பேசியிருந்தார். செனட்டில் இல்லாதவர் பேசுவது சுலபம் என்று எதிர்த்தரப்பு சொன்னது. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் என் எண்ணம் இதுதான்: நீண்ட அனுபவம் என்றால் நீண்ட வாக்குப் பதிவேடு. பிரைமரி வாக்காளர் அந்த ஏட்டை, அதுவும் தன் கட்சிக்காரரின் ஏட்டை, புரட்டிப் பார்க்கிறார். ஏடு மெலிந்தவருக்கு அது ஒரு சௌகரியம்.

ஓஹையோவில் ஹிலாரி ஜெயித்தார். டெக்சாஸில் வாக்குச்சாவடியில் அவர் முந்தினார், அன்றிரவே நடந்த காக்கஸில் ஒபாமா முந்தினார், கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளைக் கூட்டியபோது ஒபாமாவுக்கே அதிகம். வேட்பாளர் ஆனதும் ஒபாமா துணை ஜனாதிபதிக்குத் தேடிப் பிடித்த ஆள் யார் தெரியுமா? அயோவாவில் 1 சதவீதம்கூட வாங்காத அதே பைடன். ஹிலாரியை வெளியுறவு அமைச்சர் ஆக்கினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். குடியரசுக் கட்சியில் 2016-இல் ஆளுநர்களும் செனட்டர்களும் வரிசையாக நின்றிருக்க, எந்த அரசுப் பதவியும் ராணுவப் பணியும் பார்க்காத டிரம்ப் ஜெயித்த கதையை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். போகட்டும். 2020-ஐ மட்டும் சொல்லிவிடுகிறேன். எட்டு ஆண்டு துணை ஜனாதிபதியாக இருந்த பிறகும் பைடன் அயோவாவில் நான்காம் இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம். ஆட்டம் முடிந்தது என்றார்கள். நெவாடாவுக்கு அடுத்து தெற்கு கரோலினா. அங்கே ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு அவர்களின் மூத்த தலைவர் ஜிம் கிளைபர்ன் பைடனை ஆதரித்துப் பேசினார். விண்ணப்பப் பட்டியல் எதையும் நீட்டாமல், ஜோவை நமக்குத் தெரியும், அதைவிட முக்கியம் ஜோவுக்கு நம்மைத் தெரியும் என்றார். பைடனுக்கு ஏறக்குறைய பாதி வாக்கு விழுந்தது. அடுத்த தேர்தலுக்கு வந்தபோது ஜனநாயகக் கட்சி அயோவாவைப் பின்னுக்குத் தள்ளித் தெற்கு கரோலினாவை முதலில் வைத்தது. அது ஏன் என்பதற்கே தனியாக ஓர் உரை வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.