அப்பாவின் மாருதி 800: சிலிகான் கறையைச் சுரண்டினேன், அடியில் 2013 இருந்தது

வணக்கம் நண்பர்களே. காலை ஏழு மணிதான் ஆகிறது. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும், தகடு சூடாகிவிட்டால் எதைத் தேய்த்தாலும் துடைப்பதற்குள் காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

இது அப்பாவுடைய மாருதி 800, 2004 மாடல். ஆர்.சி. புத்தகத்தில் நிறம் சிவப்பு. கூரையைப் பார்த்தால் ரோஸ் மில்க். 2013 ஐப்பசி மழையில் முன் கண்ணாடி ஓரமாக ஒழுக ஆரம்பித்தது. இந்த வண்டியில் கண்ணாடியைப் பிடித்திருப்பது ரப்பர் பீடிங். அது வெடித்துப்போயிருந்தது. மாற்றியிருக்க வேண்டும். ஒரு பட்டறையில் அதன் மேலேயே ஒழுகலை அடைக்கும் கறுப்பு சிலிகான் பசையைப் பிதுக்கி, விரலால் இழுத்துவிட்டு, வழிந்ததைக் கூரையிலேயே துடைத்தும் விட்டார்கள். கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். பாருங்கள், கைரேகை அப்படியே இருக்கிறது!

அன்றைக்கு வண்டிக்குள் வினிகர் வாடை அடித்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த ரக சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். பெயின்ட் மேல் அவ்வளவாக ஒன்றும் செய்யாது. கீறி தகடு தெரியும் இடத்தில் துருவைக் கிளப்பும். இந்த மூலையில் ஒரு பொட்டு தெரிகிறதா, அதுதான்.

சரி, எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு சோதனை. வெள்ளைத் துணியில் துளி காம்பவுண்ட், அதாவது பெயின்டைத் தேய்த்து மெருகேற்றும் பசை, எடுத்து, கண்ணில் படாத இடத்தில் தேய்க்கிறேன். துணி சிவந்துவிட்டது. அப்படியென்றால் மேலே கிளியர் கோட், அதாவது நிறத்தின் மேல் பூசும் நிறமில்லாத பூச்சு, இல்லை, நான் தேய்ப்பது நேராக நிறத்தையே. கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் அடிப்பூச்சான பிரைமர் வந்துவிடும்.

தின்னர் போடலாமா என்று கேட்பீர்கள். நான் போட்டேன். இடது ஃபெண்டரில் (முன் சக்கரத்துக்கு மேல் இருக்கும் தகடு), போன வாரம். அந்த ஃபெண்டர் எப்போதோ டிங்கரிங் பார்த்து என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்தது. அந்தப் பெயின்ட் எத்தனை வருடம் ஆனாலும் தின்னரில் கரையும். சிலிகான் அசையவில்லை, பெயின்ட் மட்டும் தோசை மாவு மாதிரி துணியோடு வந்துவிட்டது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. காய்ந்த சிலிகானைக் கரைக்கிற திரவம் என்று கடையில் எதைக் கொடுத்தாலும் நம்பாதீர்கள். ஊறி இளகும், அவ்வளவுதான். சூடு காட்டியும் உருகாது. 200 டிகிரியை அது தாங்கும், அதற்கு முன்பே பழைய பெயின்ட் கொப்புளித்துவிடும்.

அப்புறம் எப்படி? கையால்தான். காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றை மூலை மழுங்க வெட்டி வைத்திருக்கிறேன். டர்பன்டைன் நனைத்த துணியைக் கறை மேல் இரண்டு நிமிடம் போட்டு வைக்கிறேன். இப்போது கார்டைப் படுக்கையாகச் சாய்த்து நெம்பினால்... வருகிறது. நுனி கிளம்பியதும் விரலால் பிடித்து, மேலே தூக்காமல் பின்பக்கமாக மடக்கி இழுங்கள். மேலே தூக்கினால் பழைய பெயின்ட் செதிலாகக் கூடவே வரும். பிளேடு பக்கமே போகாதீர்கள். மிச்சமாக இருக்கும் துணுக்குகளைக் கட்டை விரலால் உருட்டினால் ரப்பர் அழித்த தூள் மாதிரி உதிரும். கடைசியில் ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு துடைப்பு.

இப்போது இதைப் பாருங்கள். சிலிகான் முழுவதும் போய்விட்டது. ஆனாலும் விரல் அகலத்துக்கு ஒரு கோடு தெரிகிறது, நல்ல ரத்தச் சிவப்பு. இதைக் கறை என்று நினைத்துத் தேய்த்துக் கொண்டே இருந்தால் வண்டி பாழ். இது கறையே இல்லை. கறுப்பு சிலிகான் வெயிலை மறைத்து நின்றதால் அடியில் 2013-இன் நிறம் அப்படியே இருக்கிறது. சுற்றி இருப்பதுதான் வெளுத்த தோல். ஆகவே கோட்டை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் காம்பவுண்ட் போட்டுக் கையாலேயே தேய்க்கிறேன். மெஷின் வேண்டாம், கூரை மடியும் விளிம்பில் பெயின்ட் மெலிதாக இருக்கும். மூன்று சுற்று போதும். முழுவதும் ஒன்றாகிவிடாது, நாலடி தள்ளி நின்றால் தெரியாது. மேலே வேக்ஸ்.

பெயின்ட் அடிக்கப் போகிறவர்கள் பெயின்டரிடம் இங்கே சிலிகான் இருந்தது என்று சொல்லிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத படலம் மிச்சம் இருந்தாலே புதுப் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் குழி குழியாக விலகும்.

சரி, கண்ணாடி மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன். உள்ளே... டேஷ்போர்டு ஓரத்தில் சொட்டுகிறது. ஒழுகத்தானே செய்யும், அடைத்ததை எடுத்துவிட்டோமே. பீடிங் வாங்கக் கிளம்புகிறேன். அப்பா வெளியே வருகிறார், ஃபெண்டர் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.