பழைய மடக்குக் கத்தியின் வயதும் மதிப்பும்

பழம்பொருள் ஆர்வலர்களுக்கும், வீட்டிலிருந்த கத்தியைத் துணியில் சுற்றி இன்று இங்கே எடுத்து வந்திருக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

இத்தகைய கத்தியை என் கையில் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். இது எவ்வளவு பழையது என்பது ஒன்று. என்ன விலை போகும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்கு விடை சொல்ல முடியாது. ஆனால் முதல் விடையைத் தேடும் அவசரத்திலேயே நம்மில் பலர் கத்தியைத் தேய்த்து, துலக்கி, சாணை பிடித்து, இரண்டு விடைகளையும் ஒருசேர அழித்துவிடுகிறோம். இதைப் பிறர் மீது குறையாகச் சொல்லவில்லை. நானே செய்த பிழை அது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மடக்குக் கத்திகள் உலகெங்கும் செய்யப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் தொட்டுப் பேசினால் எதுவும் விளங்காது என்பதால், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திகளையே இன்று எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டுப் பழைய வீடுகளிலிருந்து என் கைக்கு வந்த ஐரோப்பியக் கத்திகளில் அந்நகரத்தவையே மிகுதி. அங்கே 1624ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாகக் கத்தி செய்வோர் சங்கம் ஒன்று அமைக்கப்பட்டு, ஒவ்வொரு கொல்லருக்கும் உரிய முத்திரை பதிவு செய்யப்பட்டு வந்தது. கொல்லர் தம் முத்திரையை அலகின் அடியில், அதாவது கூர் முடிந்து அச்சாணியை நோக்கிச் செல்லும் தட்டையான பகுதியில் பதிப்பார். ஒரு மடக்குக் கத்தியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடி ஒன்றும், பக்கவாட்டில் சாய்ந்து விழும் சிறு வெளிச்சமும் போதும். துருவை எடுக்கத் தோன்றினாலும் அந்த நேரத்தில் எடுக்க வேண்டாம்.

ஷெஃபீல்டின் நிறுவனங்களுள் மிகப் பெரும் புகழ் பெற்றது ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம். ஒரு விண்மீனும் அதனருகில் ஒரு மால்டா சிலுவையும் அதன் முத்திரை. 1822ஆம் ஆண்டில் அவ்வாண்டின் எண்ணிக்கைக்கு இணையாக 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து காட்டியவர்கள் அவர்கள். 1851இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு 75 அலகுகளும் கருவிகளும் கொண்ட இன்னொரு கத்தியைச் செய்தார்கள். 1820களில் அரச குடும்பத்துக்குக் கத்தி செய்து கொடுக்கும் உரிமையைப் பெற்ற பின், ஆளும் மன்னரின் பெயர் முதலெழுத்தையும் அரசர் என்பதற்கான ஆர் எழுத்தையும் ஒரு கிரீடத்தின் இருபுறமும் பொறித்தார்கள். ஜி ஆர் என்றால் ஜார்ஜ், டபிள்யூ ஆர் என்றால் வில்லியம், வி ஆர் என்றால் விக்டோரியா, இ ஆர் என்றால் எட்வர்டு. நான்காம் வில்லியம் 1830 முதல் 1837 வரையும், விக்டோரியா 1837 முதல் 1901 வரையும், ஏழாம் எட்வர்டு 1901 முதல் 1910 வரையும் ஆண்டார்கள். எனவே கிரீடத்தின் இடப்புறம் இருக்கும் ஒரே ஓர் எழுத்து, கத்தியின் காலத்தை ஓர் ஆட்சிக்குள் அடைத்துவிடுகிறது.

இது கேட்பதற்கு எளிது. ஆனால் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஜி ஆர் என்று கண்டவுடன் அது நான்காம் ஜார்ஜின் காலத்தது, இருநூறு ஆண்டுப் பழமையுடையது என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். 1910இல் ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தார். அவர் மகன் ஆறாம் ஜார்ஜ் 1952 வரை ஆண்டார். அதே இரண்டு எழுத்துகள் இவர்களுக்கும் பொருந்தும். நான்காம் ஜார்ஜ் மறைந்ததற்கும் ஐந்தாம் ஜார்ஜ் பட்டமேறியதற்கும் இடையே எண்பது ஆண்டுகள் இருக்கின்றன. இ ஆர் என்பதிலும் இதே சிக்கல் உண்டு: அது எட்வர்டையும் குறிக்கலாம், 1952இல் பட்டமேறிய எலிசபெத்தையும் குறிக்கலாம். முத்திரை மட்டுமே இதைத் தீர்க்காது. கத்தியின் மற்ற உறுப்புகளையும் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

அவ்வாறு அழைக்கும்போது நான் கடைப்பிடிக்கும் நெறி ஒன்றே. ஒரு கத்தியில் காணும் அடையாளங்களுள் காலத்தால் எது மிகப் பிந்தியதோ, அதற்கு முன்னால் அந்தக் கத்தி பிறந்திருக்க முடியாது. மற்ற ஒன்பது அடையாளங்கள் பழமையைக் காட்டினாலும், பிந்திய அந்த ஒன்றே முடிவு சொல்லும். ஆசை எப்போதும் மிகப் பழைய அடையாளத்தையே பற்றிக்கொள்ளும். ஆய்வு செய்பவர் மிகப் புதியதைத் தேடிப் போக வேண்டும்.

எடுத்துக்காட்டாக, அலகு துருப்பிடிக்காத எஃகால் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அந்த எஃகை ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் 1913இல் உருவாக்கினார். முதல் உலகப் போருக்குப் பிறகே அது கத்திகளில் பரவலாயிற்று. ஆகவே துருப்பிடிக்காத அலகில் ஜி ஆர் என்றிருந்தால் அது நான்காம் ஜார்ஜ் அல்லர். இ ஆர் என்றிருந்தால் அது ஏழாம் எட்வர்டு அல்லர். பிடியின் பக்கப் பட்டை செல்லுலாய்டு என்னும் தொடக்ககாலப் பிளாஸ்டிக்காக இருந்தால், அப்பொருள் 1870ஐ ஒட்டி அமெரிக்காவில் ஹயாட் சகோதரர்களால் வணிகப் பொருளானது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அதற்குப் பின் வந்த பேக்கலைட் என்னும் பிளாஸ்டிக்காக இருந்தால் கத்தி இருபதாம் நூற்றாண்டையது.

இங்கிலாந்து என்ற நாட்டுப் பெயர் பொறித்திருப்பதும் நல்ல சான்று. அமெரிக்கா 1890இல் இயற்றிய மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று விதித்து, 1891 முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கச் சந்தையை நம்பியிருந்த ஷெஃபீல்டு நிறுவனங்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஐ எக்ஸ் எல் என்ற முத்திரையோடு அந்நாட்டுக்குப் பெருவாரியாக அனுப்பிய ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் நிறுவனம் அவற்றுள் ஒன்று. ஆனால் இந்தச் சான்றைத் திருப்பிப் போடக்கூடாது. நாட்டுப் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பின் என்று சொல்லலாம். இல்லாததைக் கொண்டு 1891க்கு முன் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அமெரிக்காவுக்கன்றி வேறு நாட்டுக்கு அனுப்பிய சரக்கில் அந்தப் பெயரைப் பொறிக்க அச்சட்டம் யாரையும் வற்புறுத்தவில்லை.

ஐயத்துக்கு இடமே தராத மடக்குக் கத்தி ஒரு வகைதான்: வெள்ளி அலகும் முத்துச்சிப்பிப் பிடியும் கொண்ட பழக்கத்தி. பழச்சாற்றின் புளிப்பு எஃகைக் கறுக்கச் செய்யும் என்பதால் அலகை வெள்ளியில் செய்தார்கள். வெள்ளிக்குத் தரச்சோதனை கட்டாயம். 1773இல் ஷெஃபீல்டிலேயே சோதனை நிலையம் அமைந்தது. 1974 வரை அதன் குறி கிரீடம். நடந்து செல்லும் சிங்கம் வெள்ளியின் தரத்தைக் காட்டும். 1784 முதல் 1890 வரை வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசரின் தலையுருவும் இருக்கும். இவற்றோடு ஆண்டுக்கு ஓர் எழுத்து உண்டு. அந்த எழுத்தை அட்டவணையில் பொருத்திப் பார்த்தால் எந்த ஆண்டில் சோதிக்கப்பட்டது என்பதே தெரிந்துவிடும். இவ்வளவு நேர்மையாகத் தன் வயதைச் சொல்லும் கத்தி வேறில்லை. இதற்கு அடுத்தபடியாக, அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் 1970இல் தன் முத்திரையின் கீழே பத்துப் புள்ளிகளை வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்து வந்ததைச் சொல்லலாம். நம் ஊர்களில் படைவீரர் வீடுகளில் கிடைக்கும் பிரிட்டிஷ் படைக் கத்திகளிலும், அரசுடைமையைக் காட்டும் அகன்ற அம்புக் குறியோடு ஆண்டு பொறித்தவை உண்டு.

பிடியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். வயது, மதிப்பு, சட்டம் ஆகிய மூன்றும் அங்கே சந்திக்கின்றன. ஷெஃபீல்டுக்காரர்கள் பெரிதும் விரும்பிய மான்கொம்பு நம் நாட்டிலிருந்து சென்றது. காடுகளில் உதிர்ந்த கடமான் கொம்புகள் கப்பலேறிப் போய் அங்கே பிடிகளாயின. அந்த ஏற்றுமதி இன்று தடைசெய்யப்பட்டிருக்கிறது. விலை மலிவான கத்திகளுக்கு மாட்டெலும்பை அரம் கொண்டு கொத்தி, கொம்பு போலத் தோன்றச் செய்தார்கள். உண்மையான கொம்பில் வரிகள் ஒழுங்கற்று ஓடும், இரு பக்கப் பட்டைகளும் ஒன்றுபோல இரா. கொத்திய எலும்பில் குழிகள் ஓரளவு சீராக அமைந்திருக்கும்.

தந்தமா, எலும்பா, செல்லுலாய்டா என்று பிரித்தறிய, பிடியின் முனை வெட்டுமுகத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். யானைத் தந்தத்தில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். எலும்பில் இரத்தக் குழாய்கள் சென்ற நுண்துளைகள் கரும்புள்ளிகளாகவோ சிறு கோடுகளாகவோ தெரியும். தந்தத்தைப் போலச் செய்த செல்லுலாய்டில் இணைகோடுகள் மிகச் சீராக இருக்கும். அந்தச் சீர்மையே அதைக் காட்டிக்கொடுக்கும். சுட்ட ஊசியால் குத்திப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும். தந்தமானால் வடு நிலைத்துவிடும். பழைய செல்லுலாய்டு சிதையத் தொடங்கினால் அமில ஆவியை வெளியிட்டு, அதே பெட்டியில் உள்ள நல்ல கத்திகளையும் துருப்பிடிக்கச் செய்யும். எனவே அதைத் தனியே, காற்றோட்டமாக வைப்பது அவசியம்.

தந்தப் பிடி என்று தெரிந்தால், விலை பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இந்தியாவில் தந்த வணிகத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பிரிட்டனிலும் 2018இல் இயற்றிய தந்தச் சட்டம் 2022 முதல், சில விலக்குகள் தவிர, விற்பனையைத் தடுத்துவிட்டது. இந்தத் தடைகளை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஒரு பிடிக்காக ஒரு யானை என்ற கணக்கு இனி வேண்டாம்.

எஃகைப் பற்றி ஒன்று சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் கத்தி செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், இந்தியாவிலிருந்து வந்த வூட்ஸ் என்னும் உருக்கை ஐரோப்பிய எஃகினும் மேலானதாகக் கருதினார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து அதை ஆராய்ந்து, எஃகோடு வெள்ளி முதலியவற்றைக் கலந்து பார்த்து, 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். பழைய சவரக் கத்திகளில் வெள்ளி எஃகு என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பது அந்த ஆய்வின் எதிரொலி. ஆகவே அச்சொல் இருந்தால் கத்தி 1820க்கு முந்தியதாகாது. தென்னாட்டு உலைகளில் பிறந்த உருக்கு, அவர்களுடைய கத்திகளின் வயதை நாம் அளக்க இப்படி ஒரு வகையில் உதவுகிறது.

இனி மதிப்பு. வயது மட்டும் விலையைத் தருவதில்லை. நூறு ஆண்டுக் கத்திகள் ஏராளமாக இருக்கின்றன. செய்தவர் யார், எத்தனை அலகுகள், பிடி எது என்பவை விலையின் அடித்தளம். ஆனால் அதே நிறுவனம் அதே ஆண்டில் செய்த இரு கத்திகளுள் ஒன்றை மற்றொன்றைவிடப் பன்மடங்கு உயர்த்துவது, அது எவ்வளவு தீண்டப்படாமல் இருக்கிறது என்பதே. அலகை மடக்கிப் பாருங்கள்: அதன் முனை பிடிக்குள் எங்கே போய் நிற்கிறது? நெடுங்காலம் தீட்டிய அலகு குறுகி, பிடிக்குள் ஆழமாக அமிழ்ந்துவிடும். திறக்கும்போதும் மூடும்போதும், பிடியின் முதுகில் உள்ள எஃகு வில் தெளிவான ஓசையோடு அலகைப் பிடித்து நிறுத்த வேண்டும். அலகு இருபுறமும் ஆடக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட அலகுகள் இருந்தால் ஒவ்வொன்றின் அடியையும் பாருங்கள். ஒன்று மட்டும் நிறத்திலோ முத்திரையிலோ வேறுபட்டால் பின்னாளில் மாற்றியதாக இருக்கலாம். பிடியின் முனையில் உள்ள உலோகப் பூணுக்கும் பக்கப் பட்டைக்கும் இடையே இடைவெளி தோன்றினாலும், ஆணித்தலைகள் புதிதாக மின்னினாலும் பிடி கழற்றப்பட்டிருக்கிறது என்று ஐயுற வேண்டும். எழுத்துக் கூட்டலையும் விட்டுவிடாதீர்கள்: புகழ்பெற்ற பெயரில் ஓர் எழுத்தைக் குறைத்து விற்ற போலிகளுக்கும் இன்று நூறாண்டு வயதாகிவிட்டது. விலையை மதிப்பிடும்போது விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காமல், ஏலங்களில் அதே வகைக் கத்தி உண்மையாக எந்தத் தொகைக்குக் கைமாறியது என்பதைப் பாருங்கள்.

என் பிழையைச் சொல்கிறேன் என்றேன். என் தாத்தா விட்டுச் சென்ற ராட்ஜர்ஸ் கத்தி ஒன்று, கொம்புப் பிடியோடும் இரண்டு அலகுகளோடும் எனக்கு வந்தது. இருபது வயதில் அதன் கருநிறம் எனக்கு அழுக்காகத் தோன்றியது. ஒரு பட்டறையில் கொடுத்துப் பளபளப்பாக்கி வாங்கினேன். வேலை செய்தவர் நான் கேட்டதைத்தான் செய்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் விண்மீன் இருந்தது, சிலுவை இருந்தது, கிரீடம் பாதி இருந்தது, வலப்புறம் ஆர் எழுத்து இருந்தது. இடப்புற எழுத்து இல்லை. ஜார்ஜா, விக்டோரியாவா, எட்வர்டா என்று சொல்லக்கூடிய ஒரே எழுத்தைச் சக்கரம் கொண்டுபோய்விட்டது.

பல ஆண்டுகளுக்குப் பின், இருட்டறையில் ஒரு சிறு விளக்கை அலகின் மட்டத்திலேயே வைத்து, கத்தியைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் படம் எடுத்தேன். முத்திரை குத்தும்போது ஆழமாக இறங்கிய இடங்களில் மட்டும் நிழல் தேங்கியது. இடப்புறத்தில், மேலே எதுவும் இல்லை. கீழே இரண்டு சாய்கோடுகள் வந்து கூடும் ஒரு முனை தெரிந்தது. ஜி எழுத்துக்கோ இ எழுத்துக்கோ அடியில் அப்படி ஒரு முனை கிடையாது. டபிள்யூ எழுத்துக்கு இரண்டு முனைகள் வேண்டும். எனவே அது வி; 1837க்கும் 1901க்கும் இடைப்பட்டது. ஏலத்தில் அதற்கு இனி நல்ல விலை கிடைக்காது. அந்தக் கத்தி இந்த மேசையின் இடக்கோடியில், விளக்கின் பக்கத்தில் இருக்கிறது. அலகைத் தொடாமல் பிடியைப் பற்றித் திருப்பிப் பாருங்கள். அந்த முனை உங்களுக்கும் தெரியும்.