ஐம்பதைத் தாண்டி ஒரு மாணவர்

எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். உள்ளங்கைகள் இரண்டும் நெஞ்சுக்கு முன்னால் எதிரெதிரே, விரல்நுனி மேலே. நடுவில் முக அகலம் இடைவெளி. மூச்சை இழுக்கும்போது தோள் அகலத்துக்கு விரியுங்கள். விடும்போது பழையபடி முக அகலம். தோளைத் தூக்காதீர்கள். பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார். சிரிக்கலாம், மூச்சை மட்டும் அடக்க வேண்டாம். சரி, உட்காருங்கள்.

தாய் சி என்னும் மெதுவான சீனச் சண்டைக் கலையின் சுன் பாணியில், திசை திரும்பும்போதெல்லாம் வருகிற அசைவு இது. அந்தப் பாணியை வகுத்த சுன் லூதாங் 1860-இல் சீனத்தின் ஹெபெய் மாகாணத்தில் பிறந்தவர். ஏழைக் குடும்பம், தூரிகைக் கடையில் வேலைக்கு நின்ற பையன். சிங்யி என்னும் சண்டைக் கலையை லீ குய்யுவானிடமும், பிறகு அவருடைய ஆசான் குவோ யுன்ஷெனிடமும் பயின்றார். குவோ குதிரையில் போக, சீடன் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஓடினானாம். எந்த ஆசானுக்குத்தான் இப்படி ஒரு கதை இல்லை! அடுத்து பெய்ஜிங்கில் வட்டமடித்து நடக்கிற பாகுவா. சொல்லிக்கொடுத்த செங் திங்ஹுவாவுக்கு மூக்குக்கண்ணாடி வியாபாரம். ஊரில் 'கண்ணாடி செங்' என்றே பெயர்.

ஐம்பதைத் தாண்டும்போது சுன் பேர்பெற்ற ஆசான். அப்போது பெய்ஜிங் வந்த தாய் சி ஆசான் ஹாவ் வெய்ஜென் நோயில் படுத்துவிட்டார். முன்பின் பழக்கமில்லாத அந்த முதியவருக்கு சுன் வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்து, கூடவே இருந்து கவனித்தார். எழுந்து உட்கார்ந்த ஹாவுக்குக் கைம்மாறாகக் கொடுக்கத் தன் கலைதான் இருந்தது. கேட்கத் தயங்கிக்கொண்டிருந்த சுன் உடனே ஒப்புக்கொண்டார்.

தன்னிடமே மாணவர்கள் இருக்கும்போது, இன்னொருவர் முன்னால் முதல் பாடத்துக்குப் போய் நிற்பது லேசு இல்லை. அதைவிட எனக்குப் பிடித்தது, அவர் பழையதைத் தூக்கிப் போடாததுதான். முன்கால் நகர்ந்தால் பின்கால் அரை அடி கூடவே வந்துவிடும். அது சிங்யியின் அடி. தாய் சிக்குள் அதை அப்படியே கொண்டுவந்தார். பின்வாங்கினாலும் அதே கதைதான்: ஒரு கால் போனால் மற்றது தொடரும். நிலையும் உயரம், முழங்காலை ஆழமாக மடக்க வேண்டாம். பதினைந்து வருடம் கராத்தே செய்த என் முழங்காலுக்கு அதன் அருமை தெரியும். 1997-இல் சிட்னி மருத்துவர் பால் லாம் மூட்டுவலிக்காரர்களுக்குப் பயிற்சி வகுத்தபோது இந்தப் பாணியைத்தான் எடுத்துக்கொண்டார்.

1921-இல் சுன் தாய் சி நூலை வெளியிட்டார். அவருக்குப் பின் மகள் சுன் ஜியான்யுன் கற்பித்தார்.

பேச்சு போதும். நாற்காலிகளைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். இடது காலை ஒரு சின்ன அடி முன்னால் வையுங்கள், குதிகால் முதலில். வலது கால் பின்னால் தங்கிவிடக் கூடாது, கூப்பிடுங்கள் அதை.