திரொம்பஸ், எம்பொலஸ்: குருதிக்கட்டியின் இரு பெயர்கள்

(மட்டக்களப்பில் பொதுமக்களுக்காக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, மாணவர்களே,

கிளினிக் கொப்பியில் 'டி.வி.ரி.' என்று எழுதியிருந்தால் அது என்னவென்று கேட்போர் நம்மிடையே பலர். டீப் வெயின் திரொம்போசிஸ் என்பதன் சுருக்கம் அது. பெரும்பாலும் காலின் ஆழத்திலுள்ள நாளத்தில் குருதி உறைந்திருப்பதைக் குறிக்கும்.

திரொம்பொஸ் என்பது பழைய கிரேக்கச் சொல். உறைந்த குருதியையும் பாலில் திரண்ட தயிர்க்கட்டியையும் கிரேக்கர் அந்த ஒரே சொல்லால் குறித்தனர். எருமைத் தயிருக்குப் பேர்போன இம்மண்ணில் அதற்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை. நாமும் இரண்டையும் 'உறைதல்' என்றே சொல்கிறோம்.

உறைதல் உடலுக்கு இன்றியமையாதது. வயலில் புடையன் தீண்டியவருக்கு நஞ்சு இந்த ஆற்றலையே அழித்துவிடக்கூடும் என்பதால்தான், அவரது குருதியைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று வைத்தியசாலையில் பார்க்கிறார்கள். காயத்தை மூட வேண்டிய அதே உறைவு நாளத்துக்குள் உண்டாகி வழியை அடைப்பதே திரொம்போசிஸ்.

இச்சொல்லின் இன்றைய மருத்துவப் பொருளை நிலைநிறுத்தியவர் ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ப் விர்ச்சோ (1821–1902). 1840களில் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் பிரேதங்களை ஆராய்ந்த அவர், நுரையீரல் நாடியை அடைத்துக் கிடந்த கட்டிகள் தொலைவிலுள்ள நாளங்களில் உருவாகி, அங்கிருந்து பிரிந்து, குருதியோட்டத்தோடு இதயத்தைக் கடந்து வந்து சேர்ந்தவை என்று கண்டார். நாள அழற்சியே எல்லா நோய்க்கும் மூலம் என்று பாரிஸில் பேராசிரியர் குரூவெய்யே கற்பித்துவந்த காலத்தில் அது மிகத் துணிவான முடிவு. அவ்வாறு இடம்பெயர்ந்து சென்று அடைப்பதற்கு, உள்ளே செருகும் ஆப்பு என்னும் பொருளுடைய எம்பொலொஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் பெயர் அமைத்தார். உருவான இடத்திலேயே இருக்கும் கட்டி திரொம்பஸ், அங்கிருந்து பெயர்ந்து சென்று வேறிடத்தை அடைப்பது எம்பொலஸ்.

இந்த வேறுபாட்டை நம் வீடுகள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இன்று பேச வந்தேன். பிள்ளைப்பேற்றுக்குப் பின்னோ, சத்திரசிகிச்சை முடிந்து நாட்கணக்கில் படுத்திருக்கும்போதோ, ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், எண்ணெய் பூசி உருவிவிடுவோர் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆயினும் உள்ளே இருப்பது திரொம்பஸ் என்றால், அந்த உருவலே அதைப் பெயர்த்து எம்பொலஸாக நுரையீரலுக்கு அனுப்பிவிடக்கூடும். அப்போது திடீரென மூச்சு முட்டும், நெஞ்சு நோகும், உயிரும் போகலாம். அத்தகைய காலைத் தேய்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அங்கே ஸ்கான் செய்து உறுதிப்படுத்தியபின் பெரும்பாலும் ஹெப்பரின் ஊசியும் வார்பரின் குளிசையும் தருவார்கள். இவை கட்டியைக் கரைப்பதில்லை. மேலும் வளராமல் தடுக்கின்றன, கரைக்கும் வேலையை உடலே மெல்ல மெல்லச் செய்கிறது. ஆதலால் வீக்கம் வற்றிவிட்டதென்று குளிசையைத் தாமாக நிறுத்தாமல், வைத்தியர் சொல்லும் காலம் முழுவதும், சொல்லும் நாட்களில் குருதிப் பரிசோதனையும் செய்துகொண்டு, எடுத்துவர வேண்டும்.