கார் ஷெட்டில் ஒரு பட்டறை: முதல் செலவு எதற்கு?

வணக்கம்.

வீட்டில் கார் நிறுத்தும் ஷெட்டில் ஒரு மேசையைப் போட்டு, மரவேலையோ ரிப்பேர் வேலையோ செய்கிறவர்களுக்காக இன்று வானொலியில் பேச வந்திருக்கிறேன். இப்படி வேலை செய்கிற எல்லோருக்கும் இரண்டு கவலை உண்டு. இடம் போதவில்லை, செலவு செய்யப் பணமும் அதிகம் இல்லை. இருந்தும் கொஞ்சம் காசு சேர்ந்தவுடன் என்ன செய்கிறோம்? இன்னொரு மெஷின் வாங்கி உள்ளே வைக்கிறோம். இடம் இன்னும் குறைகிறது.

நான் நெடுநாளாகச் சொல்லி வருவது ஒன்றுதான். சிறிய பட்டறையில் எதைவிடவும் அரிதான பொருள் காலியான தரை. கையில் இருக்கிற பணம் முதலில் அந்தத் தரையை மீட்கப் போகட்டும். கருவி வாங்குவதெல்லாம் அப்புறம்.

ஒரு கார் நிற்கும் ஷெட் பெரும்பாலும் 10 அடி அகலமும் 20 அடி நீளமும் இருக்கும். கார் உள்ளே நின்றால் பக்கத்துக்கு 2 அடி மிஞ்சும். காரை வெளியே எடுத்துவிட்டால் 200 சதுர அடி. நல்ல தச்சருக்கு அது தாராளமான இடம். ஆனால் உங்கள் ஷெட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். 8 அடிக்கு 4 அடி ப்ளைவுட் ஒன்றைத் தரையில் கிடத்துங்கள். அதைச் சுற்றி எதிலும் இடிக்காமல் நடக்க முடிகிறதா? முடியாவிட்டால் இடத்தைத் தின்றது எது என்று பாருங்கள். பழைய பெயிண்ட் டப்பா, காற்றுப் போன சைக்கிள், என்றைக்காவது உதவும் என்று வைத்த மரத்துண்டுகள், எப்போதோ வாங்கிய மெஷின். இவைதான் இருக்கும்.

இதில் என் கண்ணைத் திறந்தவர் ஒரு பெரியவர். காலமெல்லாம் தச்சு வேலை செய்தவர். வயதான பிறகு வீட்டு ஷெட்டில் ஸ்டூலும் நாற்காலியும் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் போனபோது, அவருடைய கருவிகள் ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. உளியில் நூல், இழைப்புளியில் நூல், திருப்புளியில் நூல், ட்ரில்லின் ஒயரில்கூட நூல். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“என்னங்க ஐயா, எல்லாத்துலயும் நூல் கட்டியிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“எதை எடுத்தாலும் நூலை அவிழ்த்துட்டுத்தான் வேலை பார்ப்பேன். அவிழ்க்காம கிடக்குறது எதுன்னு பார்க்கணும்” என்றார்.

சில மாதம் கழித்துப் போனேன். இரண்டு உளி, நடுத்தர இழைப்புளி ஒன்று, ஒரு சுத்தியல், ஒரு கைரம்பம், மூலைமட்டம், ட்ரில், திருப்புளி. இவற்றில் நூல் இல்லை. மின்சார இழைப்பு மெஷினில் நூல் அப்படியே இருந்தது. பெரிய பெட்டியில் வரிசையாக அடுக்கியிருந்த ட்ரில் பிட்டுகளிலும் அப்படித்தான். மற்ற சுத்தியல்கள் எல்லாம் நூலோடு கிடந்தன. அவரே வியந்துபோனார். இவ்வளவு வருடம் வேலை பார்த்தவர், தன் கை எதைத் தேடுகிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறார். நூல் அவிழ்ந்ததெல்லாம் மேசைக்கு நேர் மேலே சுவருக்குப் போனது. அவிழாததெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் பரணுக்குப் போனது. தூக்கி எறியவில்லை, விற்கவும் இல்லை. கைக்கு எட்டும் இடத்தை விட்டு நகர்த்தினார், அவ்வளவுதான். ஒரு நூல்கண்டுதான் மொத்தச் செலவு. அந்த ஷெட்டின் நடுவில் ப்ளைவுட் கிடத்திச் சுற்றி நடக்க அதன் பிறகு இடம் இருந்தது.

வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இதை இன்றைக்கே தொடங்கலாம். நூல் அவிழ்ந்தது சுவருக்கு, அவிழாதது பரணுக்கு. மரத்துண்டுகளுக்கும் இதேபோல ஒரு கணக்கு வையுங்கள். முழங்கை நீளத்துக்குக் குறைந்த துண்டுக்கு ஒரே ஒரு வாளி. வாளி நிறைந்தால், புதிய துண்டு போடும் முன் பழைய துண்டு ஒன்று வெளியே போக வேண்டும்.

சரி, சுவருக்கு வருவோம். துளைப் பலகை வாங்கி மாட்டலாம், தப்பில்லை. ஆனால் கனமான கருவிகளுக்கு ப்ரெஞ்ச் க்ளீட் என்ற பழைய முறையை நான் சிபாரிசு செய்வேன். மீந்த ப்ளைவுட்டிலேயே செய்யலாம். படம் வேண்டாம், கையாலேயே புரியும். இடது கை விரல்களை மேல்நோக்கி மடக்கிக்கொள்ளுங்கள். வலது கை விரல்களைக் கீழ்நோக்கி மடக்கி அதில் மாட்டுங்கள். கீழே இழுத்தால் இன்னும் இறுகுகிறது, மேலே தூக்கினால் உடனே கழன்று வருகிறது, இல்லையா? அதேதான். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் பட்டையை நீளவாக்கில் 45 டிகிரி சரிவாக அறுத்தால் இரண்டு பாதி கிடைக்கும். ஒரு பாதியை, சரிவு சுவர்ப்பக்கம் இறங்கும்படி சுவரில் திருகுங்கள். மறு பாதியைத் தலைகீழாகத் திருப்பி, கருவி மாட்டும் தட்டின் முதுகில் திருகுங்கள். தட்டைத் தூக்கி மாட்ட வேண்டியதுதான். சுவர் நெடுக இப்படிப் பட்டைகள் ஓடினால், இன்றைக்கு உளித் தட்டு இருக்கிற இடத்தில் நாளைக்கு க்ளாம்ப் தட்டை வைக்கலாம். ஆணியைப் பிடுங்கி மறுபடி அடிக்கிற வேலையே இல்லை. ஒன்று மட்டும் கவனம். செங்கல் சுவரானால் துளை போட்டு, திருகைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் ப்ளக்கை அதில் வைத்துத் திருகுங்கள். உள்ளே சட்டம் வைத்த பலகைச் சுவரானால் திருகு அந்தச் சட்டத்தில் இறங்க வேண்டும். வெறும் பலகையில் இறங்கிய திருகு கனம் தாங்காது.

சுவருக்குப் போக முடியாதது மெஷின். அதற்குச் சக்கரம் வையுங்கள். பட்டறை மேசையின் உயரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ, பொதுவான மரவேலைக்கு மேசை அந்த உயரம் இருந்தால் முதுகு வலிக்காது. அரம் போடும்போது பொருளை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் மட்டும் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். அப்புறம், ரம்ப மெஷினின் மேல்தட்டையும் தள்ளு மேசைகளையும் இந்த மேசையின் மட்டத்துக்கே கொண்டு வாருங்கள். இது முக்கியம், இன்னொரு முறை சொல்கிறேன். எல்லாம் ஒரே மட்டம். அப்போது நீளப் பலகையை அறுக்கும்போது வேலை மேசையே தாங்கியாக நிற்கும். தனியாக ஒரு தாங்கி வாங்கவும் வேண்டாம், அதை வைக்க இடம் தேடவும் வேண்டாம். மேசைக்கும் சக்கரம் வைப்பதானால், அதன் கால்களை அறுப்பதற்கு முன் சக்கரத்தின் முழு உயரத்தையும், மேலே திருகும் தகட்டோடு சேர்த்து அளந்து, அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரத்துக்கும் பூட்டு இருக்கட்டும். இழைக்கும்போது நகர்கிற மேசை ஆபத்து.

வெளிச்சத்துக்கு முதலில் விளக்கு வாங்காதீர்கள். கூரைக்கும் சுவருக்கும் வெள்ளையடியுங்கள். இருக்கிற விளக்கே இரண்டு மடங்கு பிரகாசமானது போலத் தெரியும். அதற்குப் பிறகும் போதாவிட்டால் எல்ஈடி குழல் விளக்கு இரண்டு, மேசைக்கு முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாகப் போடுங்கள். முதுகுக்குப் பின்னால் மட்டும் விளக்கு இருந்தால், பென்சில் கோடு போட்ட இடத்தில் சரியாக உங்கள் நிழல் விழும். பழைய சோக் வைத்த குழல் விளக்குக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. அந்தத் துடிப்போடு ஒத்துச் சுழலும் ரம்பத் தட்டோ ட்ரில்லோ நின்றுவிட்டது போலக் கண்ணுக்குத் தெரியலாம். விளக்குக்கும் மெஷினுக்கும் தனித்தனி லைன் இருப்பதும் நல்லது. மெஷின் லைன் ட்ரிப் ஆகும்போது, சுற்றிக்கொண்டிருக்கிற ரம்பத்தின் முன்னால் இருட்டில் நிற்க வேண்டியிருக்காது.

தூசியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் ஒன்றாக 1995-இல் வகைப்படுத்திவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற சுருளைவிட, கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிற நுண்தூள்தான் நுரையீரலுக்குள் போகிறது. அதனால் உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் கட்டாயம். வேலை முடிந்த கையோடு கழற்றாதீர்கள், தூள் வெகுநேரம் காற்றிலேயே இருக்கும். வாக்குவம் க்ளீனர் வைத்திருப்பவர்கள் குழாயின் நடுவே மூடி போட்ட ஒரு வாளியும், காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கிற சைக்ளோன் கூம்பும் வைத்தால், தூளில் பெரும்பகுதி வாளியிலேயே விழும், வடிகட்டி சீக்கிரம் அடைக்காது.

இன்னும் மூன்று விஷயம். சுருளில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் பெரிய மெஷின் ஓட்டுவதானால் முழு ஒயரையும் வெளியே இழுத்துவிடுங்கள், சுற்றியபடியே இருந்தால் சூடாகி உருகும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து வரும். கார் நிற்கிற ஷெட்டில் கதவைத் திறந்து காற்றோட்டம் விடாமல், தீப்பொறி பறக்கிற கிரைண்டரைத் தொடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால், தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவருகிறது, கசங்கிய மடிப்புக்குள் அந்த வெப்பம் போக வழியில்லை. ஷெட்டுக்கு வெளியே, ஒற்றை மடிப்பும் இல்லாமல் விரித்துக் காயப் போடுங்கள். நன்றாக விறைத்த பிறகு குப்பையில் போடலாம்.

வணக்கம்.