கதவு சென்சார் காற்றில் என்ன சொல்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. பகலெல்லாம் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குக் கதவு அலாரம் மாட்டிவிட்டுப் போகிறார்கள். நிலையில் ஒரு சின்னப் பெட்டி, அதுதான் சென்சார். கதவில் ஒரு காந்தம். காந்தம் விலகினால் கூடத்தில் இருக்கும் பேனல் அலறும். நடுவில் ஒயர் கிடையாது. பெட்டி பேனலுக்கு என்ன சொல்கிறது என்பதை நாமே படித்துப் பார்க்கலாம். பார்த்தால்தான் வாங்கிய பொருளின் லட்சணம் தெரியும்.

பண்பலை ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். இந்தச் சென்சார்களில் பல பேசுவது 433.92 மெகாஹெர்ட்ஸில். வீட்டு ரேடியோ அந்தப் பக்கம் போகாது. அதற்குக் கம்ப்யூட்டரில் செருகும் ஒரு யூஎஸ்பி டாங்கிள் வேண்டும். கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்காக வந்த பொருள்தான். உள்ளே ஆர்டிஎல் 2832யூ என்ற சிப். இதையே பல அலைவரிசைகளுக்குமான ரிசீவராக்கலாம் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரிய வந்தது. டாங்கிள் பிடிப்பதைப் படித்துத் திரையில் காட்ட ஆர்டிஎல் 433 என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, அதையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆன்டெனாவுக்குப் பதினேழு சென்டிமீட்டர் கம்பி போதும். அந்த அலைநீளத்தில் கால்வாசி.

சரி, இப்போது கதவைத் திறங்கள். திரையில் ஒரு வரி ஓடும். விலை மலிவான சென்சார் என்றால் மொத்தமே 24 பிட், அதாவது ஒன்றும் பூஜ்யமுமாக 24 குறிகள். நீளத் துடிப்பு ஒன்று, குட்டைத் துடிப்பு பூஜ்யம். முதல் 20 பிட் அந்தப் பெட்டியின் சொந்த எண். மீதி நாலு, என்ன நடந்தது என்பதற்கு. இதையே படபடவென்று பல தடவை திருப்பி அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும். பேட்டரி மாதக்கணக்கில் தாங்குவது அதனால்தான்.

இனி கதவை மூடிப் பாருங்கள். பல சென்சார்களில் திரையில் ஒன்றுமே வராது! திறந்தால் சொல்லும், மூடினால் சொல்லாது. அவசரத்தில் கொல்லைக் கதவை ஒருக்களித்து விட்டுவிட்டுக் கிளம்பினால் பேனலுக்குத் தெரியாது. பேட்டரி செத்தாலும் அதே மௌனம்தான். நல்ல சென்சார் அப்படியில்லை. அமெரிக்காவில் புழங்கும் ஹனிவெல் 5800 வரிசை 345 மெகாஹெர்ட்ஸில் பேசும். அதன் செய்தியில் கதவு திறந்திருக்கிறதா, பெட்டியை யாராவது கழற்றினார்களா, பேட்டரி இறங்கிவிட்டதா என்று எல்லாமே இருக்கும். எதுவும் நடக்காவிட்டாலும் 'உயிரோடுதான் இருக்கிறேன்' என்று அவ்வப்போது தலைகாட்டும். அந்தச் செய்தி வராமல் போனால் பேனல் உஷாராகிவிடும்.

44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை. திரையில் சம்பந்தமில்லாத வரிகளும் வரலாம்: டயர் காற்றழுத்தம், வெப்பநிலை. போகிற கார்களின் டயருக்குள் இருக்கும் சென்சார்களும் இதே 433.92 அலைவரிசைக்காரர்கள்தான்.

வேடிக்கைக்கு நடுவில் ஒரு சங்கடமும் உண்டு. உங்களுக்குக் கேட்பது தெருவில் நிற்பவனுக்கும் கேட்கும். மலிவான செட்டில் அலாரத்தை அணைக்கும் ரிமோட்டும் ஒவ்வொரு முறையும் அதே எண்ணைத்தான் அனுப்புகிறது. அதைப் பதிவு செய்து திருப்பி விட்டால் பேனல் அடங்கிவிடும், அனுப்பியது யார் என்று பார்க்காது. அழுத்தும்போதெல்லாம் எண் மாறும் ரோலிங் கோடு ரிமோட்டில் இந்த வேலை அவ்வளவு சுலபமாக நடக்காது. நிறுவனங்கள் அட்டைப் பெட்டியில் 'ஸ்மார்ட்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, இதையும் ஒரு வரி போட்டால் என்ன?

ஆகவே புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். கதவு மூடினாலும் செய்தி வருமா? பேட்டரி இறங்கினால் சொல்லுமா? ரிமோட் ரோலிங் கோடா? முன்பே மாட்டிவிட்டவர்கள், டாங்கிள் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, மாதம் ஒரு முறை ஒவ்வொரு கதவாகத் திறந்து பேனல் அலறுகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.