லினக்ஸ் கணினியில் விண்டோஸ் விளையாட்டுகள்

வணக்கம் நேயர்களே. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினி வாங்கிச் செல்லும் இளைஞர்களுள் சிலர் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவிக்கொள்கிறார்கள். வேறு சிலரிடம் மாக் கணினி இருக்கிறது. விண்டோஸுக்கென்று செய்யப்பட்ட விளையாட்டை விளையாட நினைக்கும்போது இவர்களில் பலருக்கும் முதலில் தோன்றும் வழி மெய்நிகர் இயந்திரம். அது எதுவரை கைகொடுக்கும் என்பதைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

மெய்நிகர் இயந்திரம் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தினுள் மென்பொருளால் அமைக்கப்படும் இன்னொரு கணினி. வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற மென்பொருள் நினைவகத்தில் ஒரு பங்கையும் செயலியில் ஒரு பங்கையும் ஒதுக்கிக் கொடுக்க, விண்டோஸ் தனிக் கணினியில் இருப்பதாகவே எண்ணி இயங்கும். (அந்த விண்டோஸுக்கும் உரிமம் வாங்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.) இன்டெல்லும் ஏஎம்டியும் 2005, 2006 ஆம் ஆண்டுகளிலேயே இதற்கான வசதியைச் சில்லுக்குள் சேர்க்கத் தொடங்கிவிட்டதால், செயலியின் வேகத்தில் பெரிய இழப்பில்லை.

சிக்கல், திரையில் காட்சிகளை வரையும் வரைகலை அட்டையில்தான். செயலியைப் போல வீட்டுக் கணினியின் வரைகலை அட்டையை எளிதில் பங்கிட முடியாது. ஆகவே மெய்நிகர் இயந்திரம் விண்டோஸுக்கு ஒரு போலி அட்டையைக் காட்டி, அதற்கு வரும் கட்டளைகளை மாற்றி உண்மையான அட்டைக்கு அனுப்புகிறது. இருபது ஆண்டுப் பழைய விளையாட்டுகள் பலவற்றுக்கு இது தாராளமாகப் போதும். முப்பரிமாணக் காட்சிகள் நிறைந்த புதிய விளையாட்டோ திணறும், அல்லது தொடங்கவே மறுக்கும்.

லினக்ஸில், 2007 இல் அதன் கருவோடு (இயங்குதளத்தின் மையப் பகுதியோடு) இணைந்த கேவிஎம் என்னும் மெய்நிகர் இயந்திர வசதி மூலம், உண்மையான அட்டை ஒன்றை முழுமையாகவே மெய்நிகர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடலாம். அப்போது வேகம் ஏறக்குறைய நேரடி விண்டோஸுக்கு நிகராக இருக்கும். ஆனால் தாய்ப்பலகை அதற்கு இடங்கொடுக்க வேண்டும். லினக்ஸின் திரைக்குப் பெரும்பாலும் வேறொரு வரைகலைச் சில்லும் வேண்டும். இறக்குமதிப் பொருட்களின் இன்றைய விலையில் இரண்டாவது அட்டை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2020 இன் இறுதியிலிருந்து வரும் ஆப்பிள் சில்லு மாக்கில் நிலைமை இன்னும் இறுக்கமானது. பாரலல்ஸ் என்னும் மெய்நிகர் இயந்திர மென்பொருள் வழியாக அதில் இயங்குவது, ஆப்பிள் சில்லு சார்ந்த ஆர்ம் வகைச் சில்லுக்கான விண்டோஸ். இன்டெல் சில்லுக்கு எழுதப்பட்ட விளையாட்டை அந்த விண்டோஸ் மறுபடியும் மாற்றித்தான் ஓட்டுகிறது.

என் கருத்தில், லினக்ஸ் பயனர் முதலில் முயல வேண்டியது மெய்நிகர் இயந்திரத்தை அல்ல, புரோட்டனை. விண்டோஸ் மென்பொருட்களை லினக்ஸில் ஓட்டுவதற்காக 1993 இல் தொடங்கிய வைன் திட்டத்தை அடிப்படையாகக் கொண்டு வால்வ் நிறுவனம் 2018 இல் வெளியிட்ட இது, விண்டோஸே இல்லாமல், விளையாட்டு விடுக்கும் கட்டளைகளை லினக்ஸுக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கிறது. வால்வின் இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீமில் வாங்கிய விளையாட்டுகள் பல, எந்த அமைப்பையும் தொடாமலே ஓடிவிடுகின்றன.

இருப்பினும் வாலரண்ட் போன்ற இணைய விளையாட்டுகளில், ஏமாற்றுவோரைத் தடுக்கும் மென்பொருள் விண்டோஸின் கருவோடு ஒட்டி இயங்குவதால், இவ்விரு வழிகளும் அங்கே பயன்படா. அவற்றை விளையாடியே ஆக வேண்டும் என்போர் வன்தட்டில் ஒரு பகுதியை ஒதுக்கி விண்டோஸை நேரடியாக நிறுவிக்கொள்ள வேண்டும். ஆப்பிள் சில்லு மாக்கில் அந்த வசதியும் இல்லை.